ஹெல்மெட்டோடு போன மாத்திரைகள்

மார்ச் 3

என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். காட்டுக்குள் பாலம் கட்டி முடித்தாயிற்று, கிரேனையும் இறக்கியாயிற்று. ஆள் பாதியாக இளைத்திருக்கிறார், பெருமை மட்டும் இளைக்கவில்லை. "ஸ்டோர்ல எல்லாத்தையும் ஒப்படைச்சுட்டேன். ஹெல்மெட், பூட்ஸ், கொசுவலை, மிச்சமிருந்த மலேரியா மாத்திரை வரைக்கும்!" கம்பெனிப் பொருள் ஒரு ஆணிகூட வீட்டுக்கு வரக் கூடாது என்பது பாலம் கட்டுகிற அவர்கள் கூட்டத்தின் மானப் பிரச்சினை.

இவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடும் நாத்தனார், தன் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். மருந்துக்கடையில் மருந்தாளுநர், எனக்கு அவர் கலெக்டர். கதவைத் தட்டாமல் நுழைந்து, அடுப்பிலிருந்து அலமாரி வரை சோதனை போடுவார். போன மாதம் வாசலுக்குப் புதுப் பூட்டு போட்டேன். அவருக்குச் சாவி கொடுக்கவில்லை.

மார்ச் 9

கலெக்டர் இன்னும் வரவில்லை. வீடு வீடாக இருக்கிறது.

மார்ச் 15

காலையில் என் கடையைத் திறந்து இரண்டு ஜெராக்ஸ்கூட எடுக்கவில்லை, இவர் போன் பண்ணி "குளிருதுடி" என்றார். ஓடி வந்தேன். இரண்டு போர்வைக்குள்ளும் கட்டில் ஆடுகிற மாதிரி நடுங்குகிறார். பக்கத்து வீட்டு அக்கா, தன் வீட்டுக்காரருக்கு மலேரியா வந்தபோது மிஞ்சிய மாத்திரையைக் கொண்டுவந்து நீட்டினார். கொடுக்கத்தான் போனேன். என்னவோ தோன்றி, அண்ணிக்குப் போன் போட்டேன்.

"காட்டுல இருந்து வந்தவன், மாத்திரையை இன்னும் சாப்பிடறானா?"

"ஸ்டோர்ல திருப்பிக் குடுத்துட்டார் அண்ணி."

"அடப் பாவி! திரும்பி வந்த பிறகும் நாலு வாரம் சாப்பிடணும்டி அது. உடம்புக்குள்ள ஒளிஞ்சிருக்கற கிருமியைக் கொல்லத்தான் அந்த நாலு வாரம். அந்த மாத்திரையைத் திருப்பிக் குடு. அது யாருக்கு, எதுக்கு எழுதினதோ. ரத்தம் பார்க்காம எதையும் வாயில போடாதே. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. நாளைக்குப் பார்த்துக்கலாம்னு இருந்துடாதே. காட்டுக்குப் போய் வந்ததை முதல் வார்த்தையாச் சொல்லு."

சொன்னேன். டாக்டர் உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். மலேரியாதான்.

மார்ச் 16

என்னைப் பார்த்து "நீங்க யாரு?" என்று கேட்டார்.

கல்யாணமாகி இத்தனை வருஷம், என்னை "நீங்க" என்று அவர் கூப்பிட்டதே கிடையாது. மூளைக்கு ஏறியிருக்கலாம், மாத்திரை போதாது, ஊசிதான் என்றார் டாக்டர். நேரத்தோடு வந்தது நல்லது என்றும் சொன்னார். போய்விடுவாரா? அந்த மாத்திரையைக் கொடுத்து, ஒரு நாள் பார்க்கலாம் என்று படுக்க வைத்திருந்தால்?

அண்ணி பஸ் பிடித்து நேராக வார்டுக்கு வந்தார். என்னைத் திட்டவில்லை. முதலில் என்னைச் சாப்பிட வைத்தார்.

மார்ச் 17

கண்ணைத் திறந்தார். "கடையைப் பூட்டினியா?" என்றார். நர்ஸ் பார்க்கப் பார்க்க அழுதேன்.

மார்ச் 19

ஊசி முடிந்து மாத்திரை. முதல் வேளை விழுங்கிய கொஞ்ச நேரத்தில் வாந்தி. இன்னொன்றை எடுக்கப் போன என் கையைப் பிடித்தார் அண்ணி. "நாமளா முடிவு பண்ணக் கூடாது. நர்ஸைக் கூப்பிடு." நர்ஸ் டாக்டரைக் கேட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி கொடுத்தார். அது தங்கியது.

இதற்குள் அண்ணி வராந்தாவில் உட்கார்ந்து பாலம் கட்டிய ஒவ்வொருவருக்கும் போன் போட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு என் ஒரு ஆள் போதுமென்று இருந்தது. அவருக்கு மொத்தக் கூட்டமும் தம்பிகள். எல்லோரும் மாத்திரையை ஒப்படைத்திருக்கிறார்கள்! மேஸ்திரியின் குரல் எனக்கே கேட்டது: "திருப்பிக் குடுக்கறவன்தான் யோக்கியன்னு நான்தானேம்மா சொல்லி வச்சிருக்கேன்."

"ஹெல்மெட்டுக்கு அது சரி. மாத்திரைக்கு ஆகாது. எல்லாரையும் டாக்டர்கிட்ட அனுப்புங்க. ஜுரம் வந்தவன் இன்னைக்கே போகணும்."

வெல்டருக்கு நேற்றிலிருந்து குளிராம். முற்றுகிற வரை அண்ணி விடவில்லை. போன் மேல் போன் போட்டு, அவர் மனைவியைக் கிளப்பி, ரத்தம் பார்க்க வைத்துவிட்டார். அவருக்கும் மலேரியா. தொடக்கத்திலேயே பிடித்ததால் மாத்திரையே போதுமாம்.

இந்த மனுஷியைத்தான் நான் பூட்டு போட்டுத் தடுக்கப் பார்த்தேன்.

மார்ச் 21

"ஜுரம்தான் விட்டுடுச்சே, கசக்குது" என்று கடைசி வேளை மாத்திரையை மறுத்தார். அண்ணி முறைத்தார். விழுங்கிவிட்டார்.

நவம்பர் 12

அடுத்த பாலமும் முடிந்து இன்று திரும்பினார். வெறும் கை, ஆனால் சட்டைப் பையில் மாத்திரை அட்டை. "ஸ்டோர்க்காரனே வாங்க மாட்டேன்னுட்டான். எங்க அக்கான்னா அவனுக்கும் பயம்." சாப்பிட்டு, டம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கினார். உடனே சாயக் கூடாது, நெஞ்செரியும் என்று அண்ணி சொன்னதற்காக நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார், போட்டோ எடுக்க உட்கார்ந்த மாதிரி.

அண்ணி வந்தார். சாவி வெட்டி வைத்திருந்தேன், கையில் கொடுத்தேன்.

"இனிமே தட்ட வேண்டாம் அண்ணி."

"நான் எப்போடி தட்டினேன்?" என்று சொல்லிக்கொண்டே, அதைத் தன் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டார்.