மாடிப்படியில் விழுந்த தழும்பு

என் பட்டாணிக்கு, அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா என்று இந்த முறை கேட்கப்போவதில்லை. என்ன பதில் வரும் என்று தெரியும், அதை நம்பி நம்பித்தான் ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. போனில் பேசினால் ஏதாவது சொல்லி என்னைச் சமாளித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை, நாலு வயதில் உன் நெஞ்சைத் திறந்து ஓட்டையை அடைத்தார்களே, அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீ இப்போது ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாயே, உன்னைப் பார்க்கிற இதய டாக்டருக்கு உதவுமே என்று பழைய ஃபைலின் நகல் வாங்கத்தான். பிறவியிலேயே இதயக் கோளாறு இருந்து வளர்ந்து பெரியவர்களானவர்களுக்கென்று அந்தப் பழைய குழந்தைகள் வார்டிலேயே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். சுவரில் அதே கரடிப் பொம்மை, அதே குட்டி நாற்காலி, அதில் ஒரு மீசைக்காரர் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ பார்த்தாலே அழுவாயே, ஊசி அக்கா, அந்த நர்ஸ்தான் இப்போது அங்கே தலைமை. ஃபைலைப் புரட்டிவிட்டு, “பதினெட்டு வயசோட நின்னுபோச்சேம்மா, இப்ப எங்க காட்டுறா?” என்றாள். நீ இருக்கிற ஊரிலேயே வருஷா வருஷம் காட்டுகிறாய் என்று பெருமையடித்தேன். டாக்டர் பெயரைக் கேட்டாள், முழித்தேன். அங்கிருந்தே மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். “ஹார்ட் டாக்டரா? எதுக்கு அத்தை?” என்றார். நெஞ்சில் தழும்பு இருக்கிறதே என்று இழுத்தேன். “அது சின்ன வயசுல மாடிப்படில விழுந்ததுதானே?” என்றார். சட்டென்று வைத்துவிட்டேன். நடுநெஞ்சில் கோடு கிழித்த மாதிரியா ஒருத்தி விழுவாள்? பாவம், நீ சொன்னால் நம்புகிற விஷயத்தில் அவரும் நானும் ஒரே ரகம்.

அந்தப் பிரிவின் டாக்டரம்மா உட்காரவைத்துச் சொன்னார். “ஓட்டையை அடைச்சது அப்படியே இருக்கும்மா, ஆனா பக்கத்து வால்வு கசிஞ்சிருக்கலாம், வெளியே ஒண்ணும் தெரியாது. குழந்தை வளர வளர இதயத்துக்கு வேலை கூடும். பார்த்துக்கிட்டா பெரும்பாலும் நல்லபடியா முடியும், பார்க்காம மட்டும் விடக்கூடாது” என்றார். எப்படியடி உனக்கு மனசு வந்தது? பரிசோதனைக்குப் போகிறேன் என்று நீ சொன்ன ஒவ்வொரு நாளும், “எல்லாம் நார்மல்மா” என்று உன் போன் வரும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பேன். அந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய், சினிமாவிலா?

என் பங்கையும் மறைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் மாடிப்படியில் விழுந்தேன் என்று சொல்லச் சொன்னவள் நான். டாக்டர் உன்னைக் கேட்ட கேள்விக்கெல்லாம் முந்திக்கொண்டு பதில் சொன்னவளும் நான். ஆனால் அந்தப் பொய் ஊராருக்காகச் சொல்லிக்கொடுத்தது. என்னையும் ஊராரில் சேர்த்துவிட்டாயே.

ஃபைல் நகலை இதோடு கூரியரில் அனுப்புகிறேன். உன் ஊரிலும் இதே போன்ற பிரிவு இருக்கிறதாம், டாக்டரம்மாவே பேசி வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறார். மாப்பிள்ளையிடம் நான் எதுவும் சொல்லவில்லை. உன் வாயால் சொல்லி அழைத்துக்கொண்டு போ. நீயும் வயிற்றில் இருப்பதும் ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாக இருங்கள், அதற்குமேல் எனக்கு ஒன்றும் வேண்டாம். திங்கட்கிழமையும் நான் அப்படியேதான் உட்கார்ந்திருப்பேன். போன் பண்ணு, ஆனால் நீ பேசாதே. போனை டாக்டர் கையில் கொடு.

கோபம் ஆறாத,
உன் அம்மா