கேட்காமல் கொடுத்தது

அக்குரஸ்ஸ
2010 பெப்ரவரி 6

அன்புத் தங்கை நில்மினிக்கு,

உன் அண்ணன் உபுல் எழுதுவது. அம்மாவும் நானும் என் மனைவி தம்மிகாவும் சுகம். நீயும் உன்னை வளர்த்த வில்மா அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று விகாரைக்குப் போகும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். பாஸ்போர்ட்டில் உன் பெயர் அன்னலீஸ் என்று இருப்பது தெரியும். அம்மா வைத்த பெயர் நில்மினி. நான் அதைத்தான் எழுதுவேன், கோபித்துக்கொள்ளாதே.

இதை உனக்கு உன் பாஷையில் படித்துச் சொல்லப் போகும் பத்மா அக்காவுக்கும் வணக்கம். அக்கா, நீங்கள் ஹாலந்துக்குப் போய் ரொம்ப வருடமாகிறது, மரியாதையாகப் பேசப் பழகியிருப்பீர்கள். நான் காரமாக எழுதியிருந்தால் பால் ஊற்றிக் குறைக்காமல் அப்படியே சொல்லுங்கள்.

தங்கச்சி, முதலில் நல்ல செய்தி. என் பஸ்ஸில் ஏறுகிற எல்லோருக்கும் இப்போது உன்னைத் தெரியும். மாத்தறையில் கிளம்பி அக்குரஸ்ஸ வந்து சேருவதற்குள் உன் கதையை முழுவதுமாகச் சொல்லி முடித்துவிடுவேன். கடல் ஊருக்குள் வராமல் தடுத்து வைத்திருக்கிற இஞ்சினியர் என் தங்கச்சி என்று சொன்னால், பின் சீட்டில் தூங்குகிறவன்கூட எழுந்து உட்காருகிறான். கண்டக்டர் சமனுக்கு மட்டும்தான் எரிச்சல். "அண்ணே, நீங்க பிரேக்கைப் பாருங்க. கடலை உங்க தங்கச்சி பார்த்துக்குவா" என்கிறான். எனக்குக் கோபம் வருவதில்லை. பொறாமை என்று விட்டுவிட்டேன்.

சின்ன வயதிலும் நான் இப்படித்தான். நீ தத்துப் போனபோது உனக்கு இரண்டு மாதம், எனக்கு நாலு வயது. அப்பா அதற்கு முன்பே எங்களை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டார். அம்மாவுக்கு அப்போது இருபத்தேழு வயது. வேலை இல்லை, உனக்குக் கொடுக்கப் பாலும் இல்லை. தங்கச்சி எங்கே என்று நான் அழுதபோது, வெளிநாட்டுக்குப் படிக்கப் போயிருக்கிறாள் என்று சொன்னாள். இரண்டு மாதக் குழந்தை என்ன படிக்கும் என்று கேட்க எனக்கு அறிவில்லை. பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். வளர்ந்து உண்மை தெரிந்ததும் அந்தப் பையன்களின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. இப்போது நீ பட்டத்தோடு வந்து நின்றுவிட்டாய். அவர்களில் இரண்டு பேர் என் பஸ்ஸில்தான் தினமும் வேலைக்குப் போகிறார்கள். நான் சொன்னது பொய்யா என்று கேட்டேன். டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரு பெயரையும் ஒரு ஆஸ்பத்திரியையும் மட்டும் வைத்துக்கொண்டு எங்களைக் கண்டுபிடித்தாயே, அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. தவறான வீடுகளின் கதவைத் தட்டி, அங்கெல்லாம் அழுது, அப்படியும் திரும்பிப் போகாமல் தேடினாய். எச்சிலை எடுத்துப் பரிசோதனை செய்ததெல்லாம் எனக்குத் தேவையே இல்லை. போன மாதம் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நீ நிமிர்ந்தபோது உன் மூக்கைப் பார்த்து, ஊரில் எதையும் நம்பாத பக்கத்து வீட்டு எமலின் அக்காவே வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு நீ இடது கையால் ஆப்பத்தைப் பிய்த்துத் தின்றாய். வீடு நிறைய இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உனக்கு அது புரிந்திருக்காது. அம்மா அவர்கள் பக்கம் திரும்பி, "என்ன பார்வை? அது எங்கிட்ட இருந்து போன கை" என்றாள். அம்மா தன் ஆப்பக் கடையில் சட்டியைச் சுழற்றுவதும் இடது கையால்தான். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இனி காரமான பகுதிக்கு வருகிறேன்.

சாப்பிட்டு முடித்ததும் நீ எழுந்து நின்றாய். புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்திருந்த ஒரே வாக்கியத்தை எங்கள் பாஷையில், தெளிவாக, ஊரே கேட்கச் சொன்னாய்: "அம்மா, நான் உங்களை மன்னித்துவிட்டேன்." அம்மா உன் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். திரும்பி வரவே இல்லை. ஒரு வாரம் தங்குவதாகச் சொன்ன நீ மறுநாள் காலையிலேயே வேனைக் கூப்பிட்டுவிட்டாய். வேனில் ஏறும்போது உன் முகம் இருந்த இருப்பை நான் மறக்கவில்லை. இரண்டாம் தடவையும் அம்மா என்னை வேண்டாம் என்கிறாள் என்றுதானே நினைத்தாய்?

அப்படி இல்லை. எங்கள் ஊரில் பெற்றவளைப் பிள்ளை மன்னிப்பதில்லை, அவ்வளவுதான். பரீட்சைக்குப் போகும் காலையில், கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, புத்தாண்டு அன்று, பிள்ளைதான் அம்மாவின் காலடியில் மண்டியிட்டு, தெரிந்தும் தெரியாமலும் செய்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்கும். அம்மா தலையில் கை வைப்பாள். முதல் நாள் பஸ் ஓட்டப் போனபோது நானும் அப்படித்தான் செய்தேன். புத்தாண்டு தோறும் ஒரு அடுக்கு வெற்றிலையைக் கையில் கொடுத்துவிட்டு விழுந்து கும்பிடுகிறேன். நான் செய்த தப்பையெல்லாம் சொல்லத் தேவையில்லை, அவளுக்கே தெரியும். நீ செய்தது ஒருவழிப் பாதையில் எதிரே பஸ்ஸை விட்ட மாதிரி. பத்மா அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தடுத்திருப்பார்.

அம்மாவின் வீம்பும் உனக்குத் தெரியாது. போன வருடம் எமலின் அக்கா ஒரு பலாக்காயை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அம்மா அதைத் தூக்கிக்கொண்டு போய் அவள் வாசலிலேயே திரும்ப வைத்தாள். மறுநாள் தானே போய், "எமலின், எனக்கு ஒரு பலாக்காய் தருவியா?" என்று கேட்டு, அதே காயை வாங்கிக்கொண்டு வந்தாள். "பைத்தியமா நீ?" என்று எமலின் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். இப்படிப்பட்டவளிடம் ஊரார் முன்னால் போய் நீ அப்படிச் சொல்லலாமா?

அதனால் அண்ணன் சொல்வதைக் கேள். தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா என்று ஒரு கடிதம் எழுது. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் சரியாகிவிடும்.

உன் நலத்துக்குப் புத்தர், தர்மம், சங்கம் என்ற மும்மணியும் துணை நிற்கட்டும்.

அண்ணன்
உபுல்


அக்குரஸ்ஸ
2010 மார்ச் 21

அன்புத் தங்கை நில்மினிக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதம் கிடைத்தது. பத்மா அக்காவின் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கிறது. நான் சொன்னபடியே நீ எழுதியிருந்ததைப் பார்த்து, என் பேச்சைக் கேட்கவும் இந்த வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் ஆப்பக் கடை வரைக்கும்தான் நிலைத்தது.

சாயங்காலம் கடையில் கூட்டம் குறைந்ததும் அம்மாவுக்கு உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அந்த மன்னிப்பு வரி வந்ததும் சட்டி சுழல்வது நின்றுவிட்டது. அம்மா சட்டியில் ஆப்பம் கருகி நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குக் கருகியது. இப்படி எழுதச் சொல்லி அவளுக்கு யார் சொன்னது என்று கேட்டாள். நான்தான் என்று பெருமையாகச் சொன்னேன்.

"நீ பஸ்ஸை ஓட்டு. என் குடும்பத்தை ஓட்டாதே" என்றாள்.

அக்கா, இதையும் அப்படியே படியுங்கள். எனக்கு விழுந்த திட்டுதான், பரவாயில்லை.

அந்த நேரம் பார்த்து எமலின் அக்கா ஆப்பம் வாங்க வந்தாள். பேச்சு காதில் விழுந்ததும், "பெத்தவளையே மன்னிக்க வந்தாளே உன் வெள்ளைக்காரி, இப்ப புத்தி வந்துடுச்சா?" என்றாள். அம்மா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மாவைக் கலக்கிக்கொண்டே சொன்னாள்: "என் பொண்ணு கடல் தாண்டி வந்து, என் முகத்தைப் பார்த்துச் சொன்னா. உன் பசங்க நாலு பேரும் இதே தெருவுலதான் இருக்காங்க. எதையாவது உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்காங்களா?" எமலின் அக்கா ஆப்பத்தைக்கூட வாங்காமல் போய்விட்டாள். எனக்குக் கை தட்டத் தோன்றியது. ஆனால் நானும் அப்போது திட்டு வாங்கிக்கொண்டிருந்ததால் சும்மா நின்றேன்.

கடையைச் சாத்திய பிறகு அம்மா விறகடுப்புப் பக்கம் உட்கார்ந்தாள். அவளாகவே பேச ஆரம்பித்தாள். அவள் பேசியதை என் வார்த்தையில் சொன்னால் கெட்டுவிடும். அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"கோவத்துல எந்திரிச்சுப் போனேன்னு நெனைச்சியா? நீயும் அப்படித்தான் நெனைச்சியா? இருபத்தி நாலு வருஷமா அவகிட்ட ஒண்ணு கேக்கணும்னு வச்சிருந்தேன். அவ சாப்பிட்டு முடிக்கட்டும், வயிறு நெறைஞ்சதும் கேக்கலாம்னு உக்காந்திருந்தேன். அதுக்குள்ள அவ முந்திக்கிட்டா. கேக்காமயே குடுத்துட்டா. நான் கேக்கவே இல்லையேடா. கேக்காததைக் கையில வாங்கிக்கிட்டு எப்படி நிக்கறது? எனக்கு அது வராதுன்னு உனக்குத் தெரியாதா?"

பலாக்காய் என் நினைவுக்கு வந்தது. அதை உனக்கு நான்தான் எழுதினேன். எழுதியும் எனக்குப் புரியவில்லை பார்.

இதோடு முடியவில்லை. நம் வெற்றிலைக்காரனிடம் அம்மா புத்தாண்டுக்கு நல்ல கொழுந்தாக இரண்டு அடுக்கு சொல்லி வைத்திருக்கிறாள். ஒன்று வில்மா அம்மாவுக்காம். உன்னை வளர்த்தவளும் உன்னோடு வர வேண்டும், அவள் கையில் கொடுக்க வேண்டும் என்கிறாள். அது சரி. இரண்டு அம்மாக்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வதில் ஊர் எதுவும் சொல்லாது. மற்றது யாருக்கு என்று கேட்டேன். உனக்காம்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெற்றவள் பிள்ளைக்கு வெற்றிலை கொடுத்து விழுந்து கும்பிடுவதா? ஊர் சிரிக்கும், அதோடு அந்தப் பாவம் உன் தலையில்தான் விழும் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "ஊர் சிரிக்கட்டும். பாவம் இருந்தா என் கணக்குல எழுதிக்கட்டும். நீ வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டாள். தம்மிகாவை விட்டுப் பேசச் சொன்னேன். அவள் என் பக்கம் பேசுவாள் என்று நம்பினேன். "அம்மா சொல்றதுல என்ன தப்பு?" என்று என்னையே கேட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை தம்மிகா கடைக்குப் போனபோது அம்மா அவளைக் கவனிக்கவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்டியிட்டுக்கொண்டிருந்தாளாம். பாதியில் வலி தாங்காமல் எழுந்து, மறுபடி முயற்சி செய்திருக்கிறாள். இத்தனை வருடமாக அடுப்படியில் நின்று நின்று அவள் வலது முழங்கால் போய்விட்டது. விகாரையில்கூட இப்போது நின்றுகொண்டுதான் கும்பிடுகிறாள். என்ன அம்மா செய்கிறீர்கள் என்று தம்மிகா கேட்டதற்கு, "கரண்டி கீழ விழுந்துடுச்சு, தேடறேன்" என்றாளாம். கரண்டி எதுவும் விழுந்திருக்கவில்லை.

இதைத் தம்மிகா வீட்டுக்கு வந்து சொன்னபோது சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். மறுநாள் பஸ்ஸிலும் பேச்சில்லாமல் ஓட்டினேன். உடம்பு சரியில்லையா என்று சமன் கேட்டான். வேறு யாராவது இப்படிச் செய்தால் நானும் எமலின் அக்காவோடு சேர்ந்து சிரித்திருப்பேன். என் அம்மா செய்யும்போது, இந்த வயிற்றில் பிறந்தோமே என்று இருக்கிறது. எங்களைத் தேடி வந்த உன்னைத் தங்கச்சியாகவும், இவளை அம்மாவாகவும் பெற நான் என்ன புண்ணியம் செய்தேனோ தெரியவில்லை.

பத்மா அக்கா, இனி வருவதைக் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள்.

நில்மினி, ஏப்ரலில் புத்தாண்டுக்கு வா. லீவு இல்லை என்று சொல்லாதே, கடலைப் பத்து நாள் வேறு யாராவது பிடித்துக்கொண்டிருக்கட்டும். விமான நிலையத்துக்கு நானே வருகிறேன். வில்மா அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. ஜனவரியில் செய்த மாதிரி தெரு முழுவதையும் வீட்டுக்கு அழைக்க மாட்டேன். பால்சோறு செய்கிற அன்று வீட்டில் நாம் மட்டும்தான் இருப்போம்.

நீ வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தம்மிகா உன் கையில் ஒரு அடுக்கு வெற்றிலை தருவாள். அம்மாவுக்குத் தெரியாமல் நாங்கள் தனியாக வாங்கி வைத்திருப்போம். அம்மா முன்னறையில் நின்றுகொண்டிருப்பாள். உன்னைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு மண்டியிடப் பார்ப்பாள். அந்த முழங்கால் லேசில் மடங்காது. உனக்கு அவ்வளவு நேரம் போதும். அவள் குனிவதற்குள் நீ குனிந்துவிடு.

குனிந்தவள் உடனே எழுந்துவிடாதே. அவள் கை உன் தலைமேல் இருக்கும். அப்போது அவள் கேட்க வைத்திருப்பதைக் கேட்கட்டும். அவள் குரல் உடைந்தாலும், "பரவாயில்லை அம்மா" என்று நடுவில் எதுவும் சொல்லிவிடாதே. முழுவதும் கேட்டு முடிக்கட்டும். முடித்த பிறகு, ஜனவரியில் ஒரு வாக்கியம் சொன்னாயே, அதை மறந்திருக்க மாட்டாய். அதையே மறுபடி சொல். இந்தத் தடவை அவள் வாங்கிக்கொள்வாள்.

உங்கள் இருவர் பயணத்துக்கும் புத்தரின் காவல் இருக்கட்டும்.

உன் அண்ணன்
உபுல்