துளை என்னுடையது

1999 மார்ச் 8, திங்கள்

காலையிலேயே வெயில். சிறுவாணித் தண்ணீர் இன்றும் வரவில்லை. பாப்பாவுக்கு மூக்கடைப்பு. ராத்திரியெல்லாம் அவள் மூச்சைக் கேட்டபடியே கிடந்தேன்.

மத்தியானம் ஸ்டெல்லா வந்தாள். எனக்கு ஜூனியர். பி.எச்டி.க்கு எங்கள் கைடு சார் முதலில் எடுத்தது என்னைத்தான். பிரசவத்துக்கு வெள்ளகோவிலில் அம்மா வீட்டுக்குப் போனேன், என் மேஜை அவளுக்குப் போனது. பாப்பாவுக்குக் கம்பளிக் குல்லா கொண்டுவந்திருக்கிறாள். இந்த வெயிலில்.

குழந்தையைப் பார்க்க வந்தேன் என்றாள். காப்பி ஆறுவதற்குள் பையிலிருந்து டப்பா வெளியே. பஞ்சுக்கு நடுவில் அலுமினியத் தகடு. போவதற்கு முன் நான் கடைசியாகச் செய்துவைத்தது. அப்போது வெள்ளை. இப்போது நல்ல மஞ்சள்.

"உள்ளே எறங்கிருச்சுக்கா."

தகட்டை ஆசிட்டில் வைத்துக் கரண்ட் கொடுத்தால் மேலே ஒரு படலம் வளரும். அதில் தேன்கூடு மாதிரி துளைகள், கண்ணுக்குத் தெரியாதவை. ஆசிட் சூடாகவே கூடாது. ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி மொபெட்டில் கொண்டுபோய், வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்று செய்தேன். அந்தத் துளைகளில் காட்மியம் சல்பைடு நிரம்பினால் துளைக்கொரு கம்பி. அவள் நிரப்பிவிட்டாள்.

காட்மியம் விஷம். பால் கொடுக்கிறவள் அந்த அறைக்குள் போகக்கூடாது. சார் சொல்வதற்கு முன்னால் சொன்னது நானே. பிறகு யார்மேல் கோபம்?

கட்டுரை எழுதப்போகிறார்களாம். என் பெயர் உண்டா என்று கேட்க வாய் வரவில்லை. அவளே சொன்னாள்: "பேரெல்லாம் மைக்ராஸ்கோப் படம் வந்தப்புறம் பாத்துக்கலாம்னு சார் சொல்லிட்டாருக்கா."

மார்ச் 10, புதன்

பாப்பா பரவாயில்லை. கிரைப் வாட்டர், சலவைக்காரி பாக்கி, அவர் சட்டைக்குப் பித்தான்.

அவரிடம் கம்பியைப் பற்றிச் சொன்னேன். பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருப்பவர். முதல் கேள்வி, "எந்த கேஜு?"

தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றேன்.

"அதுல வைண்டிங் பண்ணுனா மோட்டார எறும்புக்குத்தான் மாட்டோணும்."

சிரித்துவிட்டேன். பிறகு விளக்கினேன். பொழுது சாய்ந்ததும் தானே எரிகிற விளக்கில் ஒரு சின்னச் சில்லு இருக்கிறதே, அதே சரக்குதான். வெளிச்சம் பட்டால் கரண்ட் போகும். அதையே இவ்வளவு மெல்லிய கம்பியாக்கி ஒரு தகட்டில் கோடிக்கணக்கில் நிறுத்தினால் வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கலாம். காற்றில் விஷவாயு கலந்தால் கண்டுபிடிக்கலாம். என்றைக்காவது கம்ப்யூட்டருக்குள்ளும் போகும். பேசப் பேசக் குரல் உயர்ந்துவிட்டது. பாப்பா விழித்து அழுதாள்.

"இத்தனையும் அந்தப் புள்ளையே பண்ணிச்சா?" என்று கேட்டார்.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

மார்ச் 13, சனி

ஸ்டெல்லா போன் செய்தாள். பெங்களூரில் எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு நாள் கிடைத்துவிட்டது. 22ஆம் தேதி. அவள்தான் போகிறாள். நான் அந்த மெஷினைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

போவதற்கு முன் தகட்டைக் காஸ்டிக் சோடாவில் போட வேண்டும். துளைச் சுவரெல்லாம் கரைந்தால்தான் கம்பி வெளியே தெரியும். எவ்வளவு நேரம் போடுவது என்று கேட்டாள். அந்தப் படலத்தின் கனம் எனக்குத்தான் தெரியும்.

முழுக்கக் கரைத்தால் படத்தில் கம்பி மட்டும். நான் செய்ததில் ஒரு துரும்பும் மிஞ்சாது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் சார் பெயர் எழுதப்போகிறார்.

"பாதிதான் கரைக்கணும். சுவர் கொஞ்சம் நிக்கட்டும். இல்லாட்டி கம்பி சாஞ்சு போயிரும்," என்றேன்.

சாயுமா? தெரியாது. அந்த நிமிஷம் வாயில் வந்ததுதான். ஆனால் எவ்வளவு திடமாகச் சொன்னேன்.

"சரிங்க்கா. நீங்க சொன்னா சரி."

மார்ச் 16, செவ்வாய்

இருப்பதே அந்த ஒரு தகடு. பாதி மட்டும் கரைத்ததில் ஒன்றும் தெரியாமல் போனால்? அவளுடைய மாதக்கணக்கான உழைப்பு. போன் செய்து சொல்லிவிடலாம். பட்டறை நம்பர் போல அவள் நம்பரும் மனப்பாடம். இரண்டு தடவை ரிசீவரை எடுத்து வைத்துவிட்டேன்.

அத்தை கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்: "ஏனம்மணி, அந்த ஸ்டெல்லாப் புள்ள கண்ணாலமும் கட்டாம அப்படி என்ன கம்பிதான் கட்டுது?"

"அது படிப்புங்க அத்தை."

"நீயுந்தான் படிச்ச."

எனக்காகப் பேசினாரா, என்னைக் குத்தினாரா? எதுவானாலும், ஸ்டெல்லாவைச் சொன்னபோது உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அந்தக் குளிர்ச்சி கீரை வேகும்வரைகூட நிற்கவில்லை.

மார்ச் 22, திங்கள்

இன்று பெங்களூர். அவள் அங்கே இருட்டு அறையில் திரைக்கு முன்னால். நான் இங்கே: பாப்பாவுக்கு ராகிக் கூழ் வடிகட்டல். கொடியில் துணி. கேஸ் புக்கிங். அவருடைய பனியனில் மீண்டும் கிரீஸ்.

ஒன்றும் தெரியாமல் போகட்டும் என்று ஒரு தடவை. நன்றாக வரட்டும் என்று ஒரு தடவை. மாறி மாறி.

மார்ச் 25, வியாழன்

வந்துவிட்டாள். இரண்டு போட்டோ.

புத்திசாலி. தகட்டின் ஓரத்தில் ஒரு துணுக்கை வெட்டி முழுக்கக் கரைத்தும் பார்த்திருக்கிறாள். அதில் கம்பிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, தலைக்குக் குளித்த முடி மாதிரி கொத்துக் கொத்தாய் ஒட்டிக்கிடந்தன. அடுத்த படத்தில் பாதிச் சுவர். ஒவ்வொரு கம்பியும் அதனதன் துளைக்குள் நேராக நிற்கிறது.

நான் புளுகியது நிஜமாகிவிட்டது.

"செவுத்தை விடச்சொன்னது யாருன்னு சார் கேட்டாரு. அக்காதான்னு சொன்னேன். உங்க பேரு ரெண்டாவது."

முதலாவது அவள். பிறகு, குரலைத் தாழ்த்தாமலே, "நீங்க எதுக்கு அப்படிச் சொன்னீங்கன்னு எனக்குத் தெரியுங்க்கா," என்றாள்.

போட்டோவைக் கவிழ்த்து வைத்தேன்.

"உங்க ஓட்டை படத்துல தெரியணும். அதுக்குத்தானே? அதனாலதான் ஓரத்துல வெட்டி ரெண்டையும் பாத்தேன்." சிரித்தாள். "நானா இருந்தா கரைக்கவே வேணாம்னு முழுசா பொய்யே சொல்லியிருப்பேன்."

தெரிந்தும் சாரிடம் என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். இந்தப் பெருந்தன்மையும் அவளிடமே இருக்க வேண்டுமா?

அவள் போன பிறகு போட்டோவை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். முதலில் தேடியது கம்பி இறங்காத வெற்றுத் துளைகளை. இருந்தன. சந்தோஷமாக இருந்தது. எழுதிவைக்கிறேன், இருந்தது.

மார்ச் 27, சனி

சாருக்கு இன்னும் தகடுகள் வேண்டுமாம், என்னையே வந்து செய்யச் சொல்கிறார். துளை போடும் வேலையில் காட்மியம் இல்லை. வெளி அறையில் தனியாகச் செய்துகொள்ளலாம்.

அவர் கேட்டார், "பாப்பா?"

நான் பதில் சொல்வதற்குள் அத்தை: "நான் பாத்துக்கறேன், போகட்டும். ஊட்டுல உக்காந்து மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறதப் பாக்கறதுக்கு அது தேவல."

பாப்பா பசியில் அழுவாளோ. புட்டிப்பால் ஒத்துக்கொள்ளுமோ. இடைவேளையில் ஓடிவர முடியுமோ. எல்லாவற்றையும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் "பாத்துக்கலாம்" என்றார் அத்தை.

மார்ச் 29, திங்கள்

போனேன். என் மேஜையில் ஸ்டெல்லாவின் குடையும் டிபன் பாக்ஸும். எடுக்கச் சொல்லவில்லை, பக்கத்தில் நின்றே செய்தேன். ஆசிட் குளிர்ந்தது, கரண்ட் நிலையாக நின்றது, கை மறக்கவில்லை.

காட்மியம் அறையின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் கையுறையோடு காத்திருந்தாள். தகடு முடிந்ததும் கேட்டாள்: "குடுக்கறீங்களாக்கா?"

நல்ல தகடு. இதுவரை செய்ததிலேயே இதுதான்.

"நாளைக்கு," என்றேன்.