கான்கிரீட் காய ஒரு மாதம்

ஜூன் 3, செவ்வாய்
கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை தரை போட வேண்டும். மழை பெய்தால் என் வீட்டுக்காரர் கார் சேற்றில் புதைகிறது. மேஸ்திரி ஜெபக்குமார் பேவர் பிளாக் கல் மூன்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். சிவப்பு, மஞ்சள், சாம்பல். தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். எனக்குச் சாம்பல் பிடித்தது. அவரும் பார்க்கட்டும்.

ஜூன் 4
"ஏதோ ஒண்ணப் போடு" என்றார், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். பனியன் துணியில் நீலம் சரியில்லை என்று டையிங் பட்டறைக்கு ஆறு தடவை திருப்பி அனுப்புகிற மனுசன். ஊட்டுக்குக் குழாய் வாங்க மூணு கடை ஏறி இறங்கினவர். வேலை டென்ஷனா?

ஜூன் 9
டென்ஷன் இல்லை. கேட்டேன், சொல்லிவிட்டார். கம்பெனியில் கூட வேலை செய்கிற பெண். இரண்டு வருஷமாம். "நான் இனி இங்க இருக்கப்போறதில்ல தேவி. உனக்குப் புடிச்சதப் போட்டுக்கோ."
ரெண்டு வருசம். எனக்குக் கண்ணு என்ன பொடனியிலயா இருந்துச்சு?
பெட்டியைக் காரில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 10
சாப்பிடவில்லை.

ஜூன் 12
ஜெபக்குமார் போன். "பேவர்னா மறுநாளே வண்டி ஏத்தலாங்க. கான்கிரீட்னா தண்ணி கட்டோணும், ஒரு மாசம் காரு ஏத்தக்கூடாதுங்க."
கான்கிரீட்டே போடுங்க என்றேன். ஒரு மாதம் கார் எங்கே என்று தெருவில் யாரும் கேட்க மாட்டார்கள். அம்மாவிடமும் சொல்ல வேண்டாம். அதற்குள் மனசு மாறினால்? வந்துடுவார். வராம எங்க போவார்.

ஜூன் 21
நேற்று போட்டு முடித்தார்கள். எதிர்வீட்டுக் கோமளா அக்கா, "ஏங்கண்ணு, வண்டியக் காணோம்?" என்றார்.
"கான்கிரீட் காயலீங்க்கா. கம்பெனியிலயே நிக்குதுங்க."
பொய் இவ்வளவு சுலபமாக வருகிறது.

ஜூலை 5
தண்ணீர் பத்து நாள் போதும் என்றிருந்தார் மேஸ்திரி. நான் இன்னும் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்காரர் என் போனை எடுப்பதில்லை.

ஜூலை 27, ஞாயிறு
கோமளா அக்கா மகளைப் பெண் பார்க்கத் தாராபுரத்திலிருந்து வந்திருந்தார்கள். இரண்டு கார். தெருவில் இடமில்லை. அக்கா ஓடிவந்தார்.
"ஏங்கண்ணு, காஞ்சிருச்சா? ஒரு வண்டிய உள்ள நிறுத்திக்கட்டுமா? தம்பி வர்றதுக்குள்ள எடுத்துருவாங்க."
"நிறுத்திக்கங்க்கா. அவரு வரமாட்டாருங்க."
"இன்னைக்கா?"
"இனிமேலுங்க."
இத்தனை நாளில் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். கார்க்காரர் ஹாரன் அடித்தார். நான்தான் போய் கேட்டின் இரண்டு கதவையும் திறந்துவிட்டேன்.