மறுபக்கம்

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அண்ணன் வீட்டாரும் நலமாகத்தான் இருக்கிறோம், என் முழங்கால் வலியையும் நலத்தில் சேர்த்துக்கொண்டால். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, போனில் குரலே இளைத்துப்போயிருந்தது. நீ செய்து அனுப்பிய வெண்கலச் சிலை வந்து சேர்ந்தது, கூடத்தில் இறக்கி வைப்பதற்குள் மூன்று பேருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. தலையில்லை, கையில்லை, வளைந்த கனத்த தகடு ஒன்று நிற்கிறது. உன் அண்ணன் சுற்றிச் சுற்றி வந்து, "இதுல முன்பக்கம் எதும்மா?" என்றான். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா, தலையணையை நிற்க வைத்தமாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். நானும் சேர்ந்து சிரித்தேன். எல்லாரும் போனபின் தரையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால், அது ஒரு முதுகென்பதும் இடது தோள் கொஞ்சம் இறங்கியிருப்பதும் தெரிந்தது. ஊர் வீட்டுச் சுவர்களுக்கெல்லாம் பெயின்ட் அடிக்க ஏணி சுமந்து சுமந்து இறங்கிப்போன உன் அப்பாவின் தோள். துணியைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மறுபக்கம் போய்ப் பார்த்தால் ஒன்றுமே வடிக்காமல் வழவழவென்று விட்டிருக்கிறாய்.

அண்ணனிடம் சொன்னாயாமே, "அப்பாவ நெனச்சா முதுகுதான் ஞாபகம் வருது, என்னை மன்னிக்காமலே போயிட்டாரு" என்று. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சிலை செய்வதெல்லாம் ஒரு பிழைப்பா என்று அவர் சண்டை போட்டதும், நீ பெட்டியோடு வாசலில் நின்று போய்வருகிறேன் என்று சொல்லியும் திரும்பாமல் நின்றதும் உண்மைதான். வீம்பு பிடித்த மனுஷன். ஆனால் நீ அவருக்குப் பின்னால் நின்றாய், நான் அடுப்படி வாசலில் அவருக்கு எதிரே நின்றேன். தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார், சத்தம் உனக்குக் கேட்டுவிடக் கூடாதென்று. கண்ணீர் தாடையில் வழிந்துகொண்டிருந்தது. "திரும்பிப் பாத்திருந்தா புள்ளைய போக விட்டிருக்க மாட்டேன்டி, அவ போகணும்" என்று அன்று சாயங்காலம் சொன்னார். உன்னிடம் மூச்சு விடக் கூடாதென்றார், அவர் இருந்தவரை நானும் விடவில்லை. இனி யாருக்காக மறைப்பது?

குளிருக்குக் காதை மூடிக்கொள், பட்டறையில் ராத்திரி பகல் பார்க்காமல் உழைக்காதே. நீ நூறு வயசு நன்றாயிருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே கண்ணே, இனிமேல் அப்பாவை நினைத்தால் முகத்தை நினை.

இப்படிக்கு,
உன் அம்மா