கோதண்டம் குடுக்குற கொழம்பு மீன்

திருவொற்றியூர் குப்பத்து மகாராணி கன்னியம்மாவுக்கு, மங்களூர் ஆர்பர்ல வாட்ச்மேனா குந்திகினு கீற உன் வூட்டுக்காரன் எழுதுறது. நான் நல்லா கீறேன். உன் முட்டிவலி எப்டி கீது? போன்ல சொன்னா நீ சிரிச்சே கெடுத்துடுவ, அதான் கடுதாசி.

வயசான ஆளுங்க மேல்கொண்டு இன்னா பண்றதுன்னு பிளான் போட்டுக் குடுக்க, எங்க ஓனரு தவசிமுத்துன்னு ஒரு திருநெவேலி சாரை இட்டாந்தாரு. "மொதல்ல இதுவரைக்கும் வாழ்ந்தத நெனச்சுப் பாத்துட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டாரு. நானும் கடலப் பாத்துகினு குந்தினேன். நம்ம கண்ணாலம், புள்ளைங்க, புயலு எதுவும் மனசுல நிக்கல. பக்கத்து வூட்டு கோதண்டம்தான் வந்து நின்னான். ஆம்பள வெளியூரு போன வூட்டுக்கு கொழம்பு மீன் குடுக்குறது குப்பத்து வழக்கம், ஒத்துக்கறேன். அதுக்காக தெனமும் வெல ஒசந்த வஞ்சிரமா? நீயும் போன எடுத்தா அவன் மீனத்தான் புகழ்ற. இந்த வயசுல எனக்கு வயிறு எரியுது.

மறுநா சாரு கேட்டாரு, "என்ன பெரியவரே, யோசிச்சியளா?"

"யோசிச்சேன் சார். கோதண்டம் வலைய எலி கடிக்கணும்."

அவரு சிரிச்சுட்டாரு. "அப்ப வேலைய விட்டுட்டு ஊருக்கே போறதா பிளான் போடுவோம். நீங்க போறதுல உங்க வீட்டம்மாவுக்குச் சம்மதந்தானா?"

உன்னக் கேட்டுச் சொல்றேன்னுட்டேன். நான் வந்துடட்டுமா?

வேணாம்னா, நம்ம ரஞ்சித்து இங்க லாரி ஓட்டிகினு வர்றப்போ என் கம்பளிய குடுத்தனுப்பு, இங்க ஒரே மழை. டூட்டி சைரன் ஊதிட்டான், ஓடறேன். எதுவானாலும் நீயா சொல்லு. கோதண்டத்தக் கேட்டுச் சொல்லாத.

ஏழுமலை