மகேசன் எந்த இடத்தில நிக்கவேணும்

ரூவி, மஸ்கட்
14.6.1987

அன்பு மகன் மகேசனுக்கு,

மெல்பேர்ன் குளிருக்குள்ள நீ நலமாய் இருக்கவேணும் எண்டு முருகனை வேண்டிக்கொண்டு எழுதுறன். இங்க அம்மா நல்ல சுகம். நானும் சுகம்தான், வலது கணுக்கால் மட்டும் வீங்கித் தலகணிக்கு மேல கிடக்குது, அது எப்பிடி வந்ததெண்டு கீழ எழுதுறன், பயப்படாதை. உன்ர கடிதம் முதல் வந்தது, உங்கட அவுஸ்திரேலிய ஃபுட்பால் பிடிச்ச வீடியோ கசெற் சுங்கத்தில ஒன்பது நாள் நிண்டு வந்தது. அதிகாரி முழுக்கப் போட்டுப் பார்த்திட்டுத்தான் விட்டவர். கையில்லாத பெனியனும் கட்டைக் காற்சட்டையும் போட்ட முப்பத்தாறு பேர் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடிச்சு விழுத்துறதைப் பார்த்திட்டு, இது விளையாட்டோ கலவரமோ எண்டு என்னைக் கேட்டார். எனக்கும் வடிவாய்த் தெரியாது ஐயா, என்ர மகன் அதுக்குள்ள நிக்கிறான் எண்டன். பாவம் பார்த்துத் தந்திட்டார்.

நீ எழுதினதை நாலு தரம் வாசிச்சன். எந்த இடத்தில விட்டாலும் விளையாடுவாய் எண்டபடியால் பயிற்சியாளர் உன்னைக் கண்ட கண்ட இடத்தில எல்லாம் விடுறார், விட்ட இடத்தில எல்லாம் ஏதோ ஒண்டு உடையுது. முன்னுக்கு நிண்டு சுண்டுவிரல், ஓரத்தால ஓடித் துடைத் தசை, நடுவில உயரப் பாய்ஞ்சு காறையெலும்பு, கடைசியாய் பின்னுக்கு நிண்டு முழங்கால். இந்த மாதம் முடிய முதல் நீயே ஒரு இடத்தைத் தெரிவுசெய்து சொல்லு, இல்லாட்டி வீட்டை இரு எண்டு அவர் சொல்லிப்போட்டாராம். அப்பா, நீங்கள் பள்ளிக்கூடத்தில பந்து விளையாடின ஆள்தானே, எந்த இடம் நல்லது எண்டு கேட்டிருக்கிறாய். தம்பி, நான் கோல் காத்தனான். அதுவும் மூண்டே மூண்டு மட்ச், பதினாலு கோல் விட்டனான். இதை உனக்கு இதுவரைக்கும் சொல்லேல்லை, சொல்ல அவசியமும் வரேல்லை.

அதால எங்கட கந்தோரில இருக்கிற எஞ்சினியர் மிஸ்டர் கீத்தைக் கேட்டன். அவர் அடிலெயிட் ஆள், இளமையில உந்த விளையாட்டு விளையாடினவர். கேட்டதும் கையில இருந்த வேலையை அப்பிடியே போட்டிட்டு, ஒரு கட்டட வரைபடத்தின்ர பின்பக்கத்தில முட்டை மாதிரி ஒரு வட்டம் கீறிப் பதினெட்டுப் புள்ளி வைச்சு ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். அடுத்த நாள் எங்கட ட்ரைவர் கதிர்காமு தெரியாமல் அந்தத் தாளைச் சைட்டுக்குக் கொண்டுபோய்க் குடுத்திட்டான். போர்மன் திருப்பிப் பார்த்திட்டு, இந்தப் பதினெட்டுத் தூணும் எங்க வரப்போகுது பாய் எண்டு கேட்டு ஆள் அனுப்பினவன்.

கசெற் கைக்கு வந்தபிறகு போன வெள்ளிக்கிழமை பின்னேரம் லுக்மானின்ர துணிக்கடையில அம்மாவோட எல்லாரும் கூடினோம். லுக்மான் காயல்பட்டினத்து ஆள், எங்கட வீட்டுக்குக் கீழதான் கடை, அவரிட்டத்தான் கசெற் போட்டுப் பார்க்கிற டெக் இருக்கு. கடையை நாலு மணிக்குத் திறக்கிறவர் அண்டைக்குத் திறக்கேல்லை. உன்ர சிநேகிதன் நாலு மட்ச்சையும் ஒரே கசெற்றில பிடிச்சிருக்கிறான், நல்ல பொடியன், ஆனால் பந்து ஒரு பக்கம் போக அவன் வேற பக்கம் காட்டுறான். பிழையா அடிச்சாலும் ஒரு புள்ளி குடுக்கிறாங்களே, இப்படி நல்ல மனசு உள்ள விளையாட்டை நான் பார்த்ததே இல்லை எண்டு லுக்மானுக்கு ஒரே சந்தோசம். உன்னை முன்னுக்குத்தான் விடவேணும், ஊருக்குப் பெயர் வரும் எண்டது அவற்ர கட்சி. கதிர்காமு, மேலதிக ஆட்கள் குந்தியிருக்கிற வாங்குதான் மைதானத்திலேயே பத்திரமான இடம், தம்பியை அங்க விடச் சொல்லுங்க எண்டான். மிஸ்டர் கீத் நடுவில எண்டார். நான் ஒவ்வொருத்தர் சொல்லேக்கயும் அதுதான் சரி எண்டு தலையாட்டினனான்.

நாலாவது மட்ச் வந்ததும் உன்ர பொய் பிடிபட்டுப் போச்சு. முழங்கால் லேசாய்ச் சுளுக்கினது, நானே நடந்து வெளியில வந்தனான் எண்டுதானே எழுதினாய். உன்னை நாலு பேர் தூக்குபடுக்கையில வைச்சுக் கொண்டுபோறது கசெற்றில அப்பிடியே விழுந்திருக்கு. அனுப்ப முதல் நீ கசெற்றைக் கடைசிவரை பார்க்கேல்லைப் போல. அம்மா எழும்பிப் போய் டெக்குக்குக் கிட்ட நிலத்தில இருந்துகொண்டு, திரும்ப முதலில இருந்து போடுங்கோ எண்டு லுக்மானைக் கேட்டா. இந்தச் சனியன் பிடிச்ச விளையாட்டை விடச் சொல்லி எழுதுங்கோ எண்டு காலமையும் சண்டை பிடிச்சவ, இப்ப அழப்போறா எண்டு நான் பயந்துபோனன்.

அவ அழேல்லை. நீ விழுற இடம் ஒவ்வொண்டையும் நிப்பாட்டி நிப்பாட்டிப் பார்த்தா. பிறகு திரும்பி, இவன் முன்னால வாறதைப் பார்த்துக்கொண்டு ஓடேக்க ஒண்டும் ஆகேல்லை, பின்பக்கமாய் ஓடிக்கொண்டு வானத்தைப் பார்க்கேக்கதான் ஆரோ வந்து இடிக்கிறான், எல்லாம் தனக்கு முன்னால நடக்கிற இடம் ஒண்டு இந்த மைதானத்தில இல்லையோ எண்டு கேட்டா. நான் இங்கிலீசில சொன்னன். மிஸ்டர் கீத் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழ வைச்சார். இருக்கு, கடைசியில நிண்டு கோல் காக்கிறவைக்குக் கொஞ்சம் முன்னால, ஓரமாய், அங்க நிண்டால் முழு ஆட்டமும் கண்ணுக்கு முன்னால வரும், வந்ததை எடுத்துக்கொண்டு முன்னுக்கு ஓடலாம், அதுக்கு ஹாஃப் பேக் எண்டு பெயர் எண்டார். பிறகு அம்மாவுக்குக் கைகுடுத்தார். அம்மா சேலைத் தலைப்பில கையைத் துடைச்சுப்போட்டுக் குடுத்தவ.

நான் அதோட விட்டிருக்கலாம். பரீட்சித்துப் பார்க்கவேணும் எண்டு சொன்னது நான்தான். கடைக்குப் பின்னால இருக்கிற வெறும் காணியில மிஸ்டர் கீத் தன்ர பந்தை அடிக்க, முன்னுக்கு ஓடி வந்து மூண்டு தரம் பிடிச்சன், ஒண்டும் ஆகேல்லை. நாலாம் தரம் பின்பக்கமாய் ஓடி வானத்தைப் பார்த்தன். அம்மா சொன்னது முற்றிலும் உண்மை. லுக்மான் யல்லா யல்லா எண்டு கத்தி டாக்சி மறிச்சார். கிளினிக்கில என்ன நடந்ததெண்டு கேட்க, மிஸ்டர் கீத் பெருமையாய் ஃபுட்பால் எண்டார். அம்பத்தாறு வயசு, விளையாட்டுக் காயம் எண்டு என்ர மருந்துத் துண்டுச்சீட்டில எழுதியிருக்கு. எலும்பு உடையேல்லை. பத்து நாள் கந்தோருக்குப் போக ஏலாது.

ஒரு விசயத்தையும் சொல்லவேணும். இரண்டாவது மட்ச்சில நீ கோல் அடிச்ச உடன ஒரு தடியன் உன்ர தலையைக் கலைச்சுவிட, நீ வாயைத் திறந்து சிரிக்கிறாய். எங்கட கொழும்பு வீடு எரிஞ்ச அந்த எண்பத்திமூண்டு ஆடி மாதக் கலவரத்துக்குப் பிறகு உன்ர பல்லை நாங்கள் காணேல்லை. உன்னை வழியனுப்பின அண்டைக்கு விமான நிலையத்திலயும் நீ நிலத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டனி. அம்மா அந்த இடத்தை ஏழு தரம் போடுவிச்சா, டெக் தேஞ்சிடும் அம்மா எண்டு லுக்மான் சொல்லியும் கேக்கேல்லை. அண்டையில இருந்து விளையாட்டை விடச் சொல்லி எழுதுங்கோ எண்ட கதை இல்லை. அதால விடவேண்டாம், பயிற்சியாளரிட்ட ஹாஃப் பேக் எண்டு சொல்லு. ஆர் சொன்னது எண்டு கேட்டால் மஸ்கட்டில இருக்கிற என்ர அம்மா எண்டே சொல்லு.

முழங்காலை டொக்டர் சரியெண்டு சொல்லாமல் மைதானத்தில கால் வைக்காதை. இரவில தோய்ஞ்சிட்டு ஈரத் தலையோட படுக்காதை. உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல எலும்பும் கிடைக்க எங்கள் ரெண்டு பேற்ர ஆசீர்வாதம். இனி அடிபட்டால் அடிபட்டதெண்டே எழுது, வலமோ இடமோ எண்டதையும் மறக்காமல் எழுது. இந்த முறை நீ எழுதாதபடியால் அம்மா ரெண்டு முழங்காலுக்கும் முருகனுக்குத் தனித்தனியா நேர்த்தி வைச்சிருக்கிறா.

இப்படிக்கு,
உன்னை எந்நேரமும் நினைக்கும் அப்பா,
சி. இராஜரத்தினம்